சாலையோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன்: ஒரு மதிப்பீடு

விடியற்காலையில் தண்டல்காரரிடம் 900 ரூபாய் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கட்டும் தள்ளுவண்டி வியாபாரிக்கு, 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வநிதி திட்டம் உண்மையிலேயே பெரிய ஆறுதல். பிணை எதுவும் கேட்காமல் முதலில் 10,000 ரூபாய் தந்தார்கள். 2025இல் அது 15,000 ஆக உயர்ந்தது. தவணை தவறாதவருக்கு 7 சதவீத வட்டி மானியமும் அடுத்த கட்டத்தில் கூடுதல் கடனும் உண்டு.

ஆனால் விற்பனைச் சான்றோ உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதமோ இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்பதால், ஓரிடத்தில் நிற்காமல் பூக்கூடையோடு தெருத்தெருவாக நடக்கும் பெண்கள், அதாவது இந்தக் கடன் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே, சான்று வழங்குவதற்கான கணக்கெடுப்பில் எளிதில் விடுபட்டுவிடுகிறார்கள். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுக்கள் (அதிகாரிகளும் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் அடங்கிய உள்ளூர்க் குழுக்கள்) அவர்களைத் தேடிச்சென்று பதிவு செய்ய வேண்டும்.