ஆடி மாதத்தில் எந்தக் காடு: சிங்கராஜாவா, காவோ யாயா, பிரேசர் மலையா?

கொங்கு வட்டாரத்தில் ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது; கல்யாணப் பத்திரிகை வராத அந்த நான்கு வாரங்களில்தான் குடும்பத்தோடு ஒரு வாரம் எங்கேனும் போய்வர ஒழிகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நீளும் இந்தக் காலத்தில், பல நாடுகளின் காட்டோர விடுதிகளில் கூட்டம் குறைந்து வாடகையும் இறங்கியிருக்கும். பறவை பார்க்கிறவருக்கு மட்டும் இதில் ஒரு நட்டம் உண்டு: வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளில் பெரும்பாலானவை அப்போது அங்கே இரா. பனிக்காலத்தில் நம் தோட்டத்து வேலியோரம் கூவும் ஆறுமணிக் குருவிகூட அந்நேரம் வட இந்தியாவில் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். ஆகவே எந்த நாட்டில் எத்தனை இனம் என்று பட்டியல் பார்ப்பதைவிட, அங்கேயே குடியிருக்கும் பறவைகளில் ஆனைமலையில் காணமுடியாதவை எவை, அவற்றைக் காண எவ்வளவு நனையவேண்டியிருக்கும் என்ற இரண்டு கேள்விகளே போதுமென்று எனக்குப் படுகிறது.

நேபாளத்தின் சித்வனை இந்தக் கேள்விகளுக்கு முன்பே தள்ளிவிடலாம். இந்தியருக்கு விசா வேண்டாம் என்பதும் காண்டாமிருகம் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துநிற்கும் யானைப்புல்லுக்குள் காண்டாமிருகமே மறைந்துபோகும்போது பறவையை எங்கே தேடுவது?

இலங்கை பக்கத்து வீடு. திருச்சியிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது; செலவும் மூன்றிலும் இதற்கே குறைவு. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜா மழைக்காட்டில், அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம். செம்முகப் பூங்குயிலும், நீல மேனியும் செம்பழுப்புத் தலையும் கொண்ட காக்கை இனத்துப் பறவையும், நம் காட்டுக்கோழிக்கு உறவான இலங்கைக் காட்டுக்கோழியும் அவற்றில் அடக்கம். இங்கே பறவைகள் கூட்டமாகத்தான் வரும். நான் போயிருந்தபோது ஒரு மணி நேரம் ஒன்றுமே அசையாமல் இருந்த புதரில், முதலில் கொண்டைக் கரிச்சானின் குரல் கேட்டது. அடுத்த நிமிடமே ஆரஞ்சு அலகுச் சிலம்பன்கள் இருபதுக்கு மேல் சலசலவென்று இறங்க, அவற்றின் பின்னால் பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக ஏழெட்டு இனங்கள் கடந்துபோயின. பைனாகுலரின் வில்லையைத் துடைத்து முடிப்பதற்குள் எல்லாம் போய்விட்டன.

அந்த ஈரம்தான் சிங்கராஜாவின் சிக்கல். வால்பாறையை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அந்தக் காட்டையும் நனைக்கிறது. மே, ஜூனைவிட ஆடியில் சற்றுத் தணியுமே தவிர ஓயாது. அட்டைக்கடியும் வால்பாறைக்குக் குறைந்ததல்ல. உப்பும் மூக்குப்பொடியும் கொண்டுபோனால் தேவலை. மழைக்குப் பயந்து வடக்கே மின்னேரியாவுக்கு ஒதுங்கினால் வெயில் அடிக்கும், வற்றும் குளத்தங்கரையில் நூற்றுக்கணக்கான யானைகள் திரளும். ஆனால் பறவையென்று பார்த்தால் மயிலும் பஞ்சுருட்டானும் மஞ்சள்மூக்கு நாரையுமாக முக்கால்வாசி சூலூர்க் குளத்துக் காட்சிதான். நிலக்கடலைக் காட்டில் மயிலை விரட்டியே அலுத்துப்போன நம்மூர் விவசாயியை மயில் காட்டக் கடல்தாண்டி அழைத்துப்போவது நியாயமில்லை.

தாய்லாந்தின் காவோ யாய் 1962இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாங்காக்கிலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணம். நான்கு வகை இருவாச்சிகள் உண்டு, இரண்டு வகைக் கிப்பன் குரங்குகள் விடியலில் பாடும், மழையில் அருவிகள் நிரம்பியிருக்கும். இருவாச்சிகளில் பெரியது நம் வால்பாறையில் பார்ப்பதேதான் என்றாலும், மற்ற மூன்றும் நமக்குப் புதியவை. பிற்பகல் மழை பெரும்பாலும் கொட்டித்தீர்த்து விடும் என்பதால் காலைப்பொழுது கைக்குக் கிடைக்கும். தொல்லை சாப்பாட்டில்தான்: காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு விழுந்திருக்கும். முழுச் சைவத்துக்கு அங்கே ‘ஜே’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதை மட்டும் கற்றுக்கொண்டு போனால் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. ஆனாலும் மூன்று வேளையும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

மலேசியாவின் பிரேசர் மலை கோலாலம்பூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்; உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர் என்பதால் குளிரும் மூடுபனியும் வால்பாறையை நினைவூட்டும். தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் ஜூன், ஜூலை ஒப்பீட்டளவில் மழை குறைந்த மாதங்கள். ஆக, வலசைப் பறவைகள் இல்லை என்ற ஒன்றைத் தவிர இங்கே பருவம் தவறியதாகவே சொல்லமுடியாது. இந்த மலையின் தனிச்சிறப்பு தெருவிளக்கு. இரவெல்லாம் விளக்கை மொய்த்த விட்டில்கள் விடியற்காலையில் சுவரிலும் கம்பத்திலும் ஒட்டிக்கொண்டிருக்க, அவற்றைப் பொறுக்கித் தின்னப் பறவைகள் தாமே தேடிவரும். கரிச்சான் வரும், வெள்ளிக் காதும் மஞ்சள் கழுத்துமாக மெசியா என்னும் சிறு பறவைகள் கூட்டமாய் வரும், அதிர்ஷ்டமிருந்தால் நம் தீக்காக்கையின் உறவினமான செந்தலைத் தீக்காக்கையும் வரும். பச்சை உடம்பும் கருந்தலையும் மஞ்சள் முகமுமாக ஹெல்மெட் மாட்டியதுபோல் இருக்கும் நீள்வால் அகல அலகுப் பறவையைப் பார்க்கவும் தார்ச்சாலையை விட்டு இறங்கவேண்டாம். அகல அலகுப் பறவைக் குடும்பமே மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடையாது என்பதால், நமக்கு அது முழுக்கப் புதியது.

முழங்கால் வலிக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு போகவேண்டிய எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை: பிரேசர் மலைதான். அவர் விடுதித் திண்ணையில் தேநீரோடு உட்கார்ந்தே பத்துப் பறவை பார்த்துவிடுவார், அடிவார ஊர்களில் இட்லியும் தமிழும் கிடைக்கும். வேறெங்கும் இல்லாத பறவைகளுக்காகவே போகிறவர், அட்டைக்கு அஞ்சாதவர் என்றால் சிங்கராஜாவே பொருத்தம். காவோ யாயை இளவட்டங்களுக்கு விட்டுவிடலாம்.

பிரேசர் மலைக்கு முடிவு செய்தவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும். மலைக்கு முறையான பேருந்து இல்லாததால் கார் பேசிக்கொள்ள வேண்டும். வார இறுதியில் கோலாலம்பூர் மக்கள் ஏறிவருவதால் திங்கள் முதல் வியாழன்வரை தங்குவதே மலிவு. 2015, 2019 போன்ற ஆண்டுகளில் சுமத்ராவில் மூண்ட தீயின் புகை தீபகற்பத்தை மூடியதும் உண்டு. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகே அது பெரும்பாலும் உச்சமடையும் என்பதால், ஆடிப்பெருக்குக்கு முன்பே போய்த் திரும்புவது நல்லது. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. சீட்டு எடுக்கும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும். பைனாகுலர் 8 மடங்கு போதும். 10 மடங்கு வாங்கினால் மூடுபனியில் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.