வளைவுப் பாதைக்கு எந்த அட்வென்ச்சர் பைக்? முன்சக்கரத்தைப் பார்த்து எடுத்த முடிவு

அட்வென்ச்சர் பைக் என்றதும் எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். மலைப்பாதைக்காகவும் நீண்ட பயணத்துக்காகவும் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: முன்சக்கரம் எத்தனை அங்குலம்?

சில ஆண்டுகளாக நான் ஓட்டுவது சுசுகி வி-ஸ்ட்ராம் 650. வாங்கும்போது கூடவே பரிசீலனையில் இருந்தவை கவாசாகி வெர்சிஸ் 650, யமஹா டெனெரே 700. மூன்றும் இரட்டை சிலிண்டர், மூன்றின் திறனும் 70 குதிரைத்திறனை ஒட்டித்தான். தோற்றத்தில்கூட ஒன்றுக்கொன்று உறவு போலத் தெரியும். ஆனால் வளைவில் சாய்த்துப் பார்த்தால் மூன்றும் மூன்று ஜாதி.

வெர்சிஸுக்கு முன்னும் பின்னும் 17 அங்குலம். முன் டயர் 120/70, அதாவது ஸ்போர்ட் பைக்குகளில் இருக்கும் அதே அளவு. ஹேண்டிலை லேசாகத் தள்ளினால் போதும், சட்டென்று சாயும். டெனெரேவுக்கு 21 அங்குலம், 90 மில்லிமீட்டர் அகல டயர். கல்லும் குழியுமான பாதையில் அந்தப் பெரிய சக்கரம் எதையும் ஏறிக் கடந்துவிடும். தார்ச்சாலையில் மாறி மாறி வளைவுகள் வந்தால் அதே சக்கரம் திரும்புவதற்கு யோசிக்கும். சக்கரம் பெரிதாக ஆக, சுழலும்போது தன் நிலையிலிருந்து சாய மறுக்கும் குணமும் கூடுகிறது. வி-ஸ்ட்ராமின் 19 அங்குலம் இரண்டுக்கும் நடுவில். வெர்சிஸ் அளவுக்குத் துடிப்பு இல்லை. ஆனால் தார் பெயர்ந்த வளைவிலும் ஜல்லி சிதறிய வளைவிலும் மனம் பதறாமல் போக முடிகிறது. நான் போகும் மலைப்பாதைகள் பாதிக்கு மேல் அப்படித்தான் என்பதால் முடிவு சுலபமாக வந்தது.

அடுத்தது சஸ்பென்ஷன். டெனெரேவின் முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய், 210 மில்லிமீட்டர் மேலும் கீழும் இயங்கும். மற்ற இரண்டிலும் 150. இயக்கம் அதிகமாக இருந்தால் சொகுசுதான். ஆனால் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் ஆழமாக இறங்கும், பிரேக்கை விட்டதும் எழும். அந்த ஏற்ற இறக்கத்தில் ஃபோர்க்கின் சாய்வுக் கோணமும் மாறுவதால் வண்டி போகும் கோடு கலைகிறது. இதற்கு ஓட்டுகிற விதத்தில்தான் மருந்து. பிரேக்கை ஒரேயடியாக விடாமல், வளைவுக்குள் நுழையும்போதும் மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். பிஎம்டபிள்யூவின் பெரிய ஜிஎஸ் வண்டிகளில் இருக்கும் டெலிலீவர் என்ற முன் சஸ்பென்ஷன் அமைப்பு இந்த இறக்கத்தைப் பெருமளவு குறைத்துவிடும். எடையும் விலையும் நம்மைப் பயமுறுத்தாவிட்டால் அது நல்ல வழி.

என் அனுபவத்தில் பலரும் கண்டுகொள்ளாத விஷயம் பின்பக்க ப்ரீலோட், அதாவது பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கிறோம் என்பது. பெட்டிகளை மாட்டி, பின்னால் ஒருவரும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். அப்புறம் எந்த வளைவிலும் வண்டி வெளிப்பக்கமாகவே ஓடப் பார்க்கும். ஓட்டுகிறவர் தன் திறமையைச் சந்தேகிப்பார், இல்லாவிட்டால் டயரைத் திட்டுவார். வி-ஸ்ட்ராமில் பக்கவாட்டில் இருக்கும் குமிழைக் கையாலேயே திருகி ப்ரீலோடைக் கூட்டலாம். நிறுத்தி, நான்கைந்து திருகு கூட்டிவிட்டு ஓட்டினால் வேறு வண்டி மாதிரி இருக்கும். தனியாகப் போகும்போது மறக்காமல் குறைத்துவிடவும் வேண்டும். ஓட்டுநரும் சுமையும் ஏறிய பிறகு சஸ்பென்ஷனின் மொத்த இயக்கத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. ஸ்பேனர் போட்டு மாற்றும் அமைப்பு என்றால் பாதி வழியில் யாரும் மாற்றப் போவதில்லை. அதனால் எந்த வண்டி வாங்கினாலும் இந்தக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் மாட்டும் டாப் பாக்ஸில் கனமான சாமான் வேண்டாம். பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் இருக்கும் எடை ஹேண்டிலை ஆட வைக்கும்.

டயர் விஷயத்தில் நெடுஞ்சாலைதான் எதிரி. நாள் முழுக்க நேராக ஓட்டினால் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். அதன் பிறகு மலை ஏறினால், வண்டி சீராகச் சாயாமல் ஒரு விளிம்பிலிருந்து விழுவது போலச் சாயும். டிரெட் இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் நான் மாற்றிவிடுவேன். தோற்றத்துக்காகக் கட்டைப் பூ டயர் (மண் பாதைக்கான, பெரிய கட்டைகளாகப் பூ உள்ள டயர்) போடுவது எனக்குப் புரியவே இல்லை. மண்ணில் ஓட்டாதவருக்கு அதனால் கிடைப்பது இரைச்சலும் ஈரச் சாலையில் குறைந்த பிடியும்தான்.

மற்றபடி நீண்ட பயணத்துக்கு இந்த வகை வண்டிகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. வி-ஸ்ட்ராமில் 20 லிட்டர் டேங்க், 835 மில்லிமீட்டர் இருக்கை உயரம். டெனெரேவில் 16 லிட்டர், 875 மில்லிமீட்டர். குட்டையானவர்களுக்கு இந்த 40 மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். டெனெரேவின் கம்பிச் சக்கரங்களில் டியூப் இருக்கும். பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். டியூப்லெஸ் என்றால் சாலையோரத்திலேயே பிளக் சொருகிக் கிளம்பிவிடலாம். இரவில் ஒரு முறை அப்படிச் செய்த பிறகு, டியூப் உள்ள வண்டி எனக்கு வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

பெரிய வண்டி தேடுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். டிரையம்ப் டைகர் 900 ஒரே இன்ஜினோடு ஜிடி, ராலி என்று இரண்டு வகையில் வருகிறது. முன்சக்கரம் ஜிடிக்கு 19 அங்குலம், ராலிக்கு 21. யமஹா டிரேசர் 9 முழுக்க முழுக்கச் சாலைக்கானது, 17 அங்குலம். ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வினின் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் வகைக்கு 2024இல் 21 அங்குலத்தை விட்டு 19க்கு வந்துவிட்டார்கள். பயணத்துக்காக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தார்ச்சாலையிலேயே ஓட்டுகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

சோதனை ஓட்டத்தில் நேர்ச்சாலையில் முறுக்கிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. மெதுவான வேகத்தில் இறுக்கமான யூ-டர்ன் அடித்துப் பாருங்கள். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திறந்தால் உதறுகிறதா என்று கவனியுங்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போங்கள். கடைசியில் லேசான சரிவில் நிறுத்தி, இருக்கையில் உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பின்னோக்கி ஏற்றிப் பாருங்கள். மலையில் வண்டியை நிறுத்தும் இடங்களில் பெட்டிகள் நிரம்பிய நிலையில் அதைத்தான் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.