‘ஜகதீச குருகுஹ’ மேண்டலினில்: பிடில் பதிவா, ஸ்வரப் புத்தகமா?

மேண்டலின் வாங்கியதும் நான் முதலில் கற்றுக்கொள்ளத் தேடிப் போனது அமெரிக்கக் கிராமத்துப் பிடில் மெட்டு ஒன்றை. பெயர் ‘லெதர் பிரிட்சஸ்’, அதாவது தோல் கால்சட்டை. ஒருநாள் சாயங்காலம் பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் அதைத் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் சார் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது தீக்ஷிதர் நோட்டு ஸ்வரம்லா? யாரு சொல்லிக் குடுத்தா?” அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர். தீக்ஷிதர் பாட்டுகளைப் போற்றி வளர்த்த ஊர் அது. அந்த ஊர்க்காரர் தீக்ஷிதர் என்று சொன்னால் சும்மா தள்ளிவிட முடியாது.

அவர் காது பொய் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் ‘லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்று ஓர் ஆட்ட மெட்டு உண்டு. அது கப்பலேறி அமெரிக்கா போய்த் தோல் கால்சட்டை ஆனது. இந்தப் பக்கம் வந்தது சென்னை ஜார்ஜ் கோட்டை வெள்ளைக்காரர்கள் வாசித்து கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீக்ஷிதர் காதில் விழுந்து, சம்ஸ்கிருத சாகித்யம் (பாட்டு வரிகள்) ஏறி, ‘ஜகதீச குருகுஹ’ என்ற நோட்டு ஸ்வரம் ஆனது. மேல்நாட்டு மெட்டில் அவர் வரி போட்ட பாட்டுகளுக்குத்தான் அந்தப் பெயர். தம்பி பாலுசாமி தீக்ஷிதர் (1786–1858) ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, கடைசியில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக அமர்ந்தார். அண்ணனும் எட்டயபுரம் வந்து 1835 தீபாவளியன்று அங்கேயே காலமானார். எட்டயபுரம் 1986 வரை எங்கள் திருநெல்வேலி ஜில்லா. ஆக, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நான் தேடிப் போன மெட்டுக்கு ஒரு சொந்தக்காரர் கோவில்பட்டி பஸ் ஏறினால் போய்ப் பார்க்கிற தூரத்தில்தான் இருந்திருக்கிறார். ஒருநாள் போனேன். சமாதியில் மெட்டு கிடைக்காது என்று தெரிந்துதான் போனேன்.

மெட்டைக் கையில் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, பிடில் பதிவைக் கேட்டுக் கேட்டுப் பிடிப்பது. இன்னொன்று, நோட்டு ஸ்வரத்தைப் புத்தகத்தில் பார்த்துப் பிடிப்பது. இரண்டிலும் மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். நான் புத்தகத்தின் பக்கம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேடிக் கிடைப்பதில் பிடில்தான் சுலபம். அயர்லாந்திலிருந்து நியூயார்க் போய்க் குடியேறிய பிடில்காரர் மைக்கேல் கோல்மன் 1920களில் கொடுத்த இசைத்தட்டு, அமெரிக்கக் கிராமத்து வாசிப்புகள் என்று போனிலேயே குவிந்து கிடக்கும். வேகத்தை 0.75, 0.5 என்று குறைத்தும் கேட்கலாம். ஒரே தொல்லை, பழைய 78 சுற்றுத் தட்டுகளின் சுருதி இன்றைய சுருதியோடு அப்படியே ஒத்துப்போகாது. கூடவே வாசிக்க வேண்டுமானால் எட்டுக் கம்பியையும் திருகித் திருகிச் சேர்க்க வேண்டும். மறுநாள் வேறு பதிவு போட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

புத்தகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. “நோட்டு இருக்கா?” என்று கேட்ட இடத்திலெல்லாம் ‘இங்கிலீஷ் நோட்டை’த்தான் எடுத்து நீட்டினார்கள். அது வேறு சங்கதி. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) பண்ணி, மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பி, நாகஸ்வரக்காரர்கள் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோன உருப்படி. அதுவும் எங்கள் ஜில்லாச் சரக்குதான், ஆனால் நான் கேட்டது அதில்லை. எட்டயபுரம் சுப்பராம தீக்ஷிதர் 1905இல் பால பாடமாகப் போட்ட ‘ப்ரதமாப்யாஸ புஸ்தகமு’வில் நோட்டு ஸ்வரங்கள் உண்டு. அது தெலுங்கு எழுத்து. கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் நண்பர்கள் எனக்கு நாலு பேர். நாலு பேரில் ஒருவருக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியவில்லை. கடைசியில் சார் வீட்டுப் பரணில் இருந்து, மட்டை போன ஒரு தமிழ் ஸ்வரப் புத்தகம் இறங்கி வந்தது.

நேராக சாரிடமே பாடம் கேட்டிருக்கலாமே என்றால், கேட்டேன். அவருக்கு முதல் பாதிதான் மனப்பாடம். சுருதி கூட்டுவதிலும் சின்னச் சண்டை. தன் வயலின் மாதிரி ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கச் சொன்னார். அதற்கு மேண்டலினின் ஏ, இ ஜோடிகளை ஒவ்வொரு சுரம் இறக்க வேண்டும். இறக்கினால் கம்பி தொய்ந்து, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டில் உரசி இரைகிறது. பழையபடி மேண்டலினுக்கும் மேல்நாட்டுப் பிடிலுக்கும் வழக்கமான ஜி-டி-ஏ-இக்கே திரும்பி, ஜியை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தேன். விரல் வைக்காத நாலு ஜோடியும் ஸ, ப, ரி, த என்று நின்றன. நாலும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். நோட்டு ஸ்வரங்கள் எல்லாமே அந்த ராகச் சுரங்களில்தான் ஓடும். பிடிலுக்குப் பிறந்த மெட்டு என்பதால் பிடில் சுருதியிலேயே விரல் தானாகப் போய் விழுகிறது. சார் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ வெள்ளக்காரன் பக்கமே இருந்துக்கிடும்” என்றார். பாதிக் கோபம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் தீர்மானித்தது வலது கை.

பிடிலில் வில் ஒரே இழுப்பில் இரண்டு மூன்று ஸ்வரங்களைக் கோத்துக்கொண்டு போகும். அந்த மெட்டின் ஆட்டமே எங்கே கோக்கிறான், எங்கே பிரிக்கிறான் என்பதில்தான் இருக்கிறது. மேண்டலினில் வில் கிடையாது, கம்பியைத் தட்டும் சின்னத் தகடான பிக்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தட்டு. கோத்து வாசிக்க ஆசைப்பட்டு, ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த ஸ்வரத்தை இடது விரலாலேயே அடித்து எழுப்பலாம். ஆனால் இரட்டைக் கம்பியில் அப்படி எழும் ஸ்வரம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. நான் மூன்று மாதம் கோல்மனின் வில்லைப் பிக்கில் காப்பியடிக்கப் பார்த்தேன். இடது கை சரியாகத்தான் ஓடியது. வலது கைக்கு எது கீழ்த் தட்டு, எது மேல் தட்டு என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வரும். வேகம் கூட்டினால் கட்டறுந்த மாடு மாதிரிப் போகும். சார் போனில் அந்தக் கோல்மன் பதிவைக் கேட்டுவிட்டு, “இவரு என்ன, பஸ்ஸப் பிடிக்கவா போறாரு?” என்றார்.

புத்தகத்தில் வில் என்ற பேச்சே இல்லை. ஸ்வரம், அதன் கீழே சாகித்யத்தின் எழுத்து. ஒரு எழுத்துக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டேன். ஜ, க, தீ, ச என்று வாய் போகும் வழியே கையும் போனது. எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்பதை எழுத்தே சொல்லிக் கொடுத்தது. தாள அடியில் விழும் எழுத்துக்குக் கீழ்த் தட்டு, நடுவில் வருவதற்கு மேல் தட்டு, அவ்வளவுதான் விதி. ஒரே வாரத்தில் வலது கை அடங்கியது.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. நோட்டு ஸ்வரத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, கிடையாது; ஸ்வரங்கள் அப்படியே நேராக நிற்கும். கர்நாடக உருப்படி எதை எடுத்தாலும் மேண்டலினின் ஃப்ரெட் குறுக்கே நின்று வழி மறிக்கும். கமகத்தைப் பேசவைக்க உப்பலபு ஸ்ரீநிவாஸ் மாதிரி ஜோடிக்குப் பதில் ஒற்றை ஒற்றையாகக் கம்பி போட்ட மின் மேண்டலினும் அந்தக் கையும் வேண்டும். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. என் மாதிரி ஆளுக்கு இது பெரிய தள்ளுபடி.

அதைவிட, படித்தது கையில் நின்றது. தென்காசியில் தங்கச்சி வீட்டு விசேஷம் என்று பதினைந்து நாள் மேண்டலினைத் தொடவில்லை. திரும்பி வந்து எடுத்தபோது பிடில் பதிவிலிருந்து பிடித்தது பாதிக்கு மேல் உதிர்ந்துபோயிருந்தது. புத்தகப் பாடம் அப்படியே இருந்தது, ஏனென்றால் அங்கே அடுப்படியில் நின்றுகொண்டும் அதைப் பாடிக்கொண்டுதான் இருந்தேன். வார்த்தை இல்லாத மெட்டை அப்படி வாயில் போட்டுக்கொள்ள எனக்கு வரவில்லை.

புத்தகத்தில் இல்லாததையும் சொல்ல வேண்டும். அதில் ஆட்டம் இல்லை. எழுத்துக்கு எழுத்து தட்டி வாசித்தால் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒப்பிப்பது போல இருக்கும். பிடில்காரர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன மாற்றம் போடுவார்கள், அச்சில் அது கிடையாது. கிடார்க்காரர் ஒருவரோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பதிவைக் கேட்காமல் புத்தகத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே மெட்டும் அல்ல. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி முகச்சாடைதான்.

மின் மேண்டலினில் இந்தக் கணக்கு மாறலாம். அதில் தட்டாமல் எழுப்பும் ஸ்வரமும் கேட்கும் என்கிறார்கள். நான் கடையில் பத்து நிமிஷம் தொட்டுப் பார்த்ததோடு சரி, அதனால் அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். முழு வேகத்தில் ரீல் வாசிப்பதும் எனக்கு இன்னும் வராது. நான் சொன்னதெல்லாம் நடு வேகத்துக்கு மட்டும்.

இப்போது செய்வது இதுதான். புத்தகப்படி பாடி, தட்டி, கையில் உட்கார்ந்த பிறகு மட்டும் கோல்மனைப் போட்டுக் கேட்கிறேன். பிடித்த இடத்தில் ஒன்றிரண்டு திருப்பங்களை எடுத்து, சாகித்யம் கெடாமல் செருகிப் பார்க்கிறேன். நவராத்திரிக்குக் கொலுவில் வாசிக்கலாம் என்று சாரிடம் சொன்னேன். திருப்பம் எதுவும் வேண்டாமாம், எழுத்துப்படி வாசித்தால் தானும் வயலினோடு வருவாராம். சுருதிதான் இன்னும் முடிவாகவில்லை.