'நான்' என்று எழுதுவதா, 'அவர்' என்று எழுதுவதா?

சிங்கப்பூரை வைத்துச் சிறுகதை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். 'நான்' என்று தொடங்கினால் நெருக்கம் சும்மா கிடைக்கும். 'அவர்' என்று எழுதும் படர்க்கையில் கை கால் நீட்ட இடம் உண்டு. இதெல்லாம் தெரிந்ததுதான். என் ஓட்டு படர்க்கைக்கு, அதுவும் ஒரே ஒருவரின் தோளை விட்டு இறங்காத படர்க்கைக்கு. காரணம், அந்த ஆளின் வாயில் வரும் சொற்கள்.

ஆட்குறைப்புக் கடிதத்தோடு வீடு திரும்பும் பாரந்தூக்கி ஓட்டுநர் ஒருவர். "மின்தூக்கிக்காகக் காத்திருந்தேன். மத்திய சேம நிதியில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்தேன்" என்று அவரே சொன்னால் ஆள் அங்கேயே தொலைந்துவிடுகிறார். அவர் வாயில் வருவது லிப்டும் சிபிஎஃப்பும். முழுக்கதையையும் பேச்சுத் தமிழில் எழுதலாமே என்றால், எழுதலாம். ஆனால் 2,000 சொல்லுக்கு அந்தப் பேச்சு பிசகக் கூடாது. நாலாம் பக்கத்தில் மழை பெய்யும்போது எழுத்தாளரின் தமிழ் மெல்ல உள்ளே நுழைந்துவிடும். திருத்தப் போனால் ஒரு வரியைத் தொட்டதற்குப் பத்து வரி ஆடும்.

படர்க்கையில் இரண்டு தமிழும் ஒரே பத்தியில் குடியிருக்கும்:

"மின்தூக்கி 11ஆம் மாடியிலேயே நின்றது. சண்முகம் பொத்தானை மறுபடி அமுக்கினார். சிபிஎஃப்ல என்ன, ஒரு நாப்பதாயிரம் இருக்குமா? இன்னைக்கே சொல்லணுமா அவகிட்ட?"

முதல் இரண்டு வாக்கியங்கள் கதைசொல்லியுடையவை, அடுத்த இரண்டும் சண்முகத்தினுடையவை. இடையில் 'என்று நினைத்தார்' கிடையாது. அதைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள், ஆள் நாலடி தள்ளிப் போய்விடுவார். கதைசொல்லியிடமிருந்து அவர் மனதுக்குள் தாவுவதற்கு முன் பொத்தானை அமுக்குவது போல ஒரு சின்னச் செயல் வேண்டும். இல்லாவிட்டால் யார் பேசுகிறார் என்று வாசகர் தடுமாறுவார்.

படர்க்கையின் தலைவலி விகுதி. 'வந்தார்' மரியாதையோடு தூரத்தையும் கொண்டுவரும். 'வந்தான்' அறுபது வயதுக்காரருக்கு உறுத்தும். 'நான்' கதையின் நாயகருக்கு இந்தத் தொல்லையே இல்லை. இதற்குத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது: உடம்பையும் பொருளையும் எழுவாயாக்குவது. 'பசியை உணர்ந்தார்' எதற்கு? 'பசித்தது' போதும். 'கை நடுங்கியது', 'கோபம் வந்தது', 'சாவி கிடைக்கவில்லை' என்று எழுதினால் 'ஆர்' பத்திக்கு ஒன்றிரண்டாகக் குறையும். மற்றவர்களை நாயகர் கூப்பிடும் முறையிலேயே எழுதுங்கள். அவருக்கு அத்தை என்றால் கதைக்கும் அத்தை. அதே கதையை மகளின் தோளிலிருந்து எழுதினால் சண்முகம் 'அப்பா' ஆகிவிட வேண்டும்.

'நான்' ஜெயிக்கும் கதைகளும் உண்டு. பொய் சொல்லும் கதைசொல்லிக்கு வேறு வழியில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த உயர்நிலைப்பள்ளி மாணவி கதை சொன்னால் அவள் தமிழ் தடுக்குவதுதான் கதையே. நாவல் நீளத்துக்கு மேலே சொன்ன கலவை தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சிறுகதைக்குத் தாங்குகிறது.

இன்னும் முடிவு வரவில்லையா? முதல் அரைப் பக்கத்தை 'நான்' என்றே எழுதி, அந்த ஆள் கோப்பிக் கடையில் சொல்லவே மாட்டாத சொற்களை வட்டமிடுங்கள். மூன்றைத் தாண்டினால் படர்க்கைக்கு மாற்றிவிடலாம்.