சுகர் வந்த பிறகு பழக்கத்தை மாற்ற எது உந்தும்: பயமா, எண்ணா, கூட இருக்கும் ஆளா, சின்ன வழக்கமா?

டைப் 2 சர்க்கரை நோய் வந்தவரிடம் போய் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் அவரே கடகடவென்று சொல்லிவிடுவார். நடக்கணும், மாவுச்சத்தைக் குறைக்கணும், எடை இறங்கணும், நேரத்துக்குத் தூங்கணும், சிகரெட் இருந்தால் விடணும். தெரிந்ததைச் செய்ய மனசு வரவில்லையே, அதற்கு என்ன வழி என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பயம் வந்தால் தானாக மாறுவீர்கள் என்பார் ஒருவர். தினமும் அளந்து பாருங்கள் என்பார் இன்னொருவர். துணைக்கு ஆள் பிடியுங்கள், ஒரேயடியாக எடையை இறக்குங்கள், இல்லை இல்லை, சின்னதாக ஆரம்பியுங்கள்...

எல்லா வழியும் முதல் வாரத்தில் வேலை செய்யும். அதனால் முதல் வாரத்தை வைத்து எதையும் எடைபோட முடியாது. எங்கேயோ போய் இஷ்டத்துக்குச் சாப்பிட்டு, ரெண்டு நாள் நடக்காமலும் விட்டு, மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கிறீர்களே, அந்தக் காலையில் இந்த வழி உங்களை என்ன செய்கிறது? நான் பார்க்கப்போவது அதை மட்டும்தான்.

பயம்

பயத்தில் பொய் இல்லை. கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று மெதுவாக அரிக்கிற நோய்தான் இது. பிரிட்டனில் நடந்த யூகேபிடிஎஸ் ஆய்வு 1998-இல் வெளியானபோது, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்குச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் இப்படிப்பட்ட நுண்ணிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் சுமார் 25% குறைகின்றன என்று காட்டியது. ஆகவே பயப்படக் காரணம் இருக்கிறது, கட்டுப்படுத்தினால் பலனும் இருக்கிறது.

ஆனால் பயமுறுத்துபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைச் சொல்லிவிட்டு ரெண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். கிம் விட்டே என்ற ஆய்வாளர் 1992-இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்: ஆபத்து பெரிது, என்னால் சமாளிக்கவும் முடியும் என்று நம்புகிறவர் ஆபத்தைக் குறைக்கப் பார்ப்பார். ஆபத்து பெரிது, என்னால் முடியாது என்று நினைப்பவர் பயத்தை மட்டும் குறைக்கப் பார்ப்பார். ரெண்டாவது ஆள் என்ன செய்வார் என்று நமக்கெல்லாம் தெரியும். ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைப்பார், அடுத்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடுவார், "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார். சறுக்கிய பிறகு வருகிற காலையில் பயம் செய்வது இதைத்தான், ஒளிய வைக்கிறது.

என் கணிப்பில் பயம் ஒரு தடவை செய்து முடிக்கிற வேலைகளுக்கு நல்லது. கண் விழித்திரைப் பரிசோதனைக்கு நாள் குறிப்பது, பாதத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பது, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்ப்பது மாதிரி. தினமும் செய்ய வேண்டியதற்குப் பயம் சரிப்படாது. தினமும் அதே அளவு பயந்துகொண்டே இருக்க யாராலும் முடியாது, முடிந்தாலும் அது வாழ்க்கையாக இருக்காது.

பயத்துக்கு மாற்றாகப் பக்கத்து லாபத்தைப் பார்க்கலாம். இருபது வருஷம் கழித்துக் காக்கப்படும் சிறுநீரகம் இன்றைக்கு மாலை யாரையும் செருப்பு மாட்ட வைக்காது. சர்க்கரை இறங்கினால் ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது குறையும், அது மாட்ட வைக்கலாம். லுக் அஹெட் என்ற அமெரிக்க ஆய்வில் டைப் 2 உள்ள 5,145 பேரைச் சுமார் பத்து வருஷம் தொடர்ந்தார்கள். தீவிர வாழ்க்கைமுறை மாற்றத்தால் மாரடைப்பு, பக்கவாதம் குறைந்ததாகத் தெரியவில்லை, பலருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது, மனச்சோர்வும் குறைந்தது. நாளை மறுநாளே உணரக்கூடிய பலன்கள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

எண்

எண்ணிலும் ரெண்டு இருக்கிறது. எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரியும், வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற மீட்டரும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி அளக்கிறது. டாக்டருக்கு அது அருமையான கருவி, உந்துதலுக்கோ ரொம்ப மெதுவானது. இன்றைக்குச் செய்த நல்லதுக்கு மூன்று மாதம் கழித்து மார்க் போட்டால் யாருக்கு உற்சாகம் வரும்?

மீட்டர் உடனே பதில் சொல்கிறது. அப்படியானால் அது ஜெயிக்க வேண்டுமே? ஜெயிக்கவில்லை. இன்சுலின் போடாதவர்களை வைத்து பிரிட்டனில் 2007-இலும் அமெரிக்காவில் 2017-இலும் நடந்த சோதனைகளில், ஒரு வருஷம் வீட்டில் அளந்தவர்களுக்கும் அளக்காதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களை வைத்து 2008-இல் வெளியான ஒரு ஆய்வில் அளந்தவர்களுக்கு மனச்சோர்வு மதிப்பெண் கொஞ்சம் கூடவே இருந்தது. காலையில் எழுந்ததும் 190 என்று ஒரு எண் வருகிறது, அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை, அப்புறம் அது வெறும் திட்டு. சறுக்கிய மறுநாள் வருகிற எண் இன்னும் பெரிய திட்டு.

அதே மீட்டரைக் கேள்வி கேட்கப் பயன்படுத்தினால் கதை மாறும் என்று நினைக்கிறேன். ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. மறுநாள் அதே சாப்பாடு, சாப்பிட்டதும் பத்து நிமிஷ நடை, மறுபடி அளவு. நியூசிலாந்தில் டைப் 2 உள்ள 41 பேரிடம் 2016-இல் இதைப் பார்த்தார்கள்: நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிஷம் நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து பத்து நிமிஷம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12% குறைவாக இருந்தது. இதை உங்கள் விரலிலேயே பார்க்கும்போது கிடைக்கிற தைரியம் வேறு. ஆய்வில் சொன்னதாக இல்லாமல் உங்கள் உடம்பு சொன்னதாக ஆகிவிடுகிறது. சில வாரம் இப்படிச் செய்து தெரிந்துகொண்டு குத்துவதைக் குறைத்துக்கொள்ளலாம். (இன்சுலின் போடுபவர்களுக்கும் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடிய சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அளப்பது பாதுகாப்புக்காக, அங்கே இந்தப் பேச்சே கிடையாது.)

ஆள்

வீட்டில் ஒரு கண்காணிப்பாளர் இருப்பதும், கூட வருகிற ஒருவர் இருப்பதும் ஒன்றில்லை. தட்டைப் பார்த்து "இதை நீங்க சாப்பிடலாமா?" என்று கேட்கிறவர் அன்பில்தான் கேட்கிறார், சந்தேகமில்லை. பலன் என்னவென்றால் அடுத்த தடவை அவர் இல்லாதபோது சாப்பிடுவீர்கள். டெசி, ரையன் என்ற இரு உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான்: வெளியிலிருந்து தள்ளப்பட்ட மாற்றம் தள்ளுகிற கை இருக்கும்வரைதான். கூட நடக்க வருகிறவர் எதையும் கேட்பதில்லை. ரெண்டு நாள் போகாவிட்டால் "நாளைக்கு வர்றீங்களா?" என்று ஒரு செய்தி அனுப்புவார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலைக்கு அந்த ஒரு வரி போதும். வீட்டாருக்கு நேரடியாகவே சொல்லிவிடுங்கள், தட்டைப் பார்க்க வேண்டாம், சாப்பிட்டதும் என்னோடு வெளியே வாருங்கள் என்று.

பெரிய குதியா, சின்ன வழக்கமா

நிஜமான போட்டி இங்கேதான். பெரிய குதி என்றால் ஒரேயடியாக எடையை இறக்குவது, அதற்குச் சாட்சி டைரக்ட் ஆய்வு. ராய் டெய்லர், மைக் லீன் குழுவினர் 2017-இல் வெளியிட்டது. மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு சுமார் 850 கலோரிக்குத் திரவ உணவு, அப்புறம் படிப்படியாக வழக்கமான சாப்பாடு. ஒரு வருஷத்தில் 46% பேருக்கு மாத்திரை இல்லாமலே ரத்தச் சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்தது, 15 கிலோவோ அதற்கு மேலோ இறக்கியவர்களில் 86% பேருக்கு. உந்துதல் என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை, வாரா வாரம் எடைக்கருவியே தட்டிக்கொடுக்கும். ஆனால் அவர்கள் நோய் கண்டறிந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், பின்னால் நர்ஸும் உணவியல் நிபுணரும் இருந்தார்கள். ரெண்டாம் வருஷத்தில் அந்த 46 என்பது 36% ஆனது, எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. இந்த வழியில் சறுக்கினால் விழுகிற உயரமும் அதிகம், "எல்லாம் போச்சு" என்ற எண்ணம் சட்டென்று வரும்.

சின்ன வழக்கம் என்பது ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு புதியதை முடிச்சுப் போடுவது. ராத்திரி தட்டைக் கழுவியதும் பத்து நிமிஷம் நடப்பேன், போன் பேசினால் நின்றுகொண்டே பேசுவேன் என்கிற மாதிரி. "உடற்பயிற்சி செய்யணும்" என்று மொத்தமாக நினைப்பதைவிட எப்போது, எங்கே என்று குறித்துவைத்தால் செய்து முடிப்பவர்கள் அதிகம் என்று கோல்விட்சர் முதலானோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லண்டனில் 96 பேரைத் தொடர்ந்த ஓர் ஆய்வில் ஒரு வழக்கம் தானாக வருவதற்குப் பிடித்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது. அதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை.

நான் வைத்த அளவுகோலில் ஜெயிப்பது இதுதான், தயக்கமில்லாமல் சொல்வேன். மூன்றாம் நாள் காலையில் இது உங்களிடம் பத்து நிமிஷம் மட்டும்தான் கேட்கிறது. குறையும் உண்டு. பத்து நிமிஷத்தோடு திருப்திப்பட்டு நின்றுவிட்டால் எடையும் அசையாது, எச்பிஏ1சியும் பெரிதாக அசையாது, அப்புறம் சலிப்பு வந்துவிடும். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது பொதுவான பரிந்துரை, அதை நோக்கி நகர வேண்டியிருக்கும். சமீபத்தில்தான் நோய் தெரியவந்தது, எடையும் அதிகம், கூட நின்று பார்க்க மருத்துவக் குழுவும் இருக்கிறது என்றால் பெரிய குதியைத் தாராளமாக யோசிக்கலாம், அவர்களுக்கு என் தீர்ப்பு பொருந்தாது.

இவற்றில் எதுவுமே அசைக்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் அது சோம்பல் இல்லாமல் மனச்சோர்வாகவும் இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அது மற்றவர்களைவிட அதிகம், டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, "மாத்திரையை நிறுத்தணும்" என்பதையே இலக்காக வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. வைத்துக்கொள்ளலாம். வருஷங்கள் போகப்போகக் கணையம் தளர்வதால் மாத்திரை கூடுவதும் இந்த நோயில் சகஜம், அப்படிக் கூடினால் நீங்கள் தோற்றதாக அர்த்தமில்லை. ஆனால் இந்த இலக்கை டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம், அளவை அவர்தான் முன்கூட்டியே மாற்றித்தர வேண்டும்.