மலச்சிக்கல் உள்ள குழந்தையோடு திருச்சி விடுமுறை: டாக்டர், மருந்துக் கடை, கழிப்பறை நிலவரம்

லண்டனிலோ பர்மிங்காமிலோ இருந்து இரண்டு மூன்று வயதுக் குழந்தையோடு ஊருக்கு வரும் பெற்றோரின் பையில் காய்ச்சல் மருந்தும் கொசுக் களிம்பும் தவறாமல் இருக்கும். மலச்சிக்கலுக்கு மருந்து எடுத்துவரும் குழந்தையாக இருந்தால் அந்த மருந்துதான் பாதியில் தீர்ந்துபோகும். அல்லது "ஊர்ச் சாப்பாட்டில் தானாகச் சரியாகிவிடும்" என்று நிறுத்தப்படும். பத்து மணி நேரத்துக்கும் மேலான விமானப் பயணம், நாலரை அல்லது ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போன தூக்கம், பழக்கமில்லாத வெயில், அறிமுகமில்லாத கழிப்பறை எல்லாம் சேர்ந்து முதல் வாரத்திலேயே குழந்தை மலத்தை அடக்கத் தொடங்குகிறது. இந்த விடுமுறையில் திருச்சியில் என்னென்ன உதவி கிடைக்கிறது, அதில் எதை நம்பிப் போகலாம், எதை மறுக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அடையாளம். குழந்தை சோபா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குதிகால் தரையில் படாது, தொடைகள் ஒட்டியிருக்கும், முகம் சிவந்திருக்கும். பார்ப்பவர்கள் "பாவம், முக்குது, வர மாட்டேங்குது" என்பார்கள். உண்மையில் அது முக்கவில்லை, வருவதை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருக்கும். அந்தப் பயத்தில் அடுத்த முறை அடக்குகிறது. அடக்க அடக்கப் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் மலம் இன்னும் கெட்டியாகி, அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. வலியில்லாமல் பல வாரங்கள் போனால்தான் பயம் விடும். ஊரில் கிடைக்கும் ஒவ்வொரு வைத்தியத்தையும் இந்த ஒரு கேள்வியால்தான் எடைபோட வேண்டும்: இது வலியைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

இந்தக் கணக்கில் முதலில் தள்ளுபடியாவது வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும். எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்தால் அன்றைக்கு மலம் வரலாம். ஆனால் அந்த இடத்தில் கை வந்தாலே வலி என்று குழந்தை மனதில் பதிந்துவிடும். சோப்பு உள்சவ்வை எரிக்கவும் செய்யும். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவது அதைவிட மோசம். அழுகிற குழந்தைக்கு மூக்கைப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். லிக்விட் பாரஃபின் கலந்த சிரப்புக்கும் இதே அபாயம் உண்டு. கல்லில் உரசிக் கொடுக்கும் உரைமருந்தில் ஒரு முரண்பாடே இருக்கிறது: கடுக்காய் இளக்கும், கூடவே உரசும் மாசிக்காயோ துவர்ப்பு மிகுந்தது, கட்டும். எது எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அப்பத்தாவிடம் வாதாட வேண்டாம். "டாக்டர் மருந்து ஓடிட்டிருக்கு அப்பத்தா, ரெண்டும் சேரக் கூடாதாம்" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அதே அப்பத்தாவின் கையில் அருமையான ஒரு வித்தையும் இருக்கிறது. கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சற்றே விலக்கி, அவற்றின் மேல் குழந்தையைக் குந்த வைப்பார்கள். குழந்தையின் முதுகு அவர் காலில் சாய்ந்திருக்கும், முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும், பிடிமானம் இருப்பதால் பயம் இருக்காது. குந்தும்போது மலக்குடலைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. வெஸ்டர்ன் கழிப்பறையில் கால் அந்தரத்தில் தொங்க உட்காரும் குழந்தைக்கு இது கிடைக்கவே கிடைக்காது. பாதத்தில் உட்கார வைக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டால், சிறுவர் இருக்கை வளையமும் இரு பாதமும் முழுதாகப் பதிகிற மாதிரி ஒரு மனைப்பலகையும் போதும். சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும், வராவிட்டாலும் எழுப்பிவிடலாம். டயப்பரில்தான் போவேன் என்றால் அப்படியே விடுங்கள். டயப்பரை நிறுத்திப் பழக்க விடுமுறை ஏற்ற காலம் இல்லை.

டாக்டர்களைப் பொறுத்தவரை திருச்சியில் குறையில்லை. தில்லைநகர்க் குறுக்குத் தெருக்களில் குழந்தை மருத்துவர்களின் கிளினிக்குகள் நெருக்கமாக இருக்கின்றன. பெரும்பாலும் மாலையில்தான் பார்க்கிறார்கள். காலையிலேயே போன் செய்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் சில நூறு ரூபாய். வெளிநாட்டில் வாரக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு அன்றே பார்த்துவிடுவது பெரிய ஆறுதல். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. புற நோயாளிகளைப் பார்ப்பது காலையில். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104.

குறை எங்கே என்றால், பேசக் கிடைக்கும் நேரத்தில். உள்ளே ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். எடை பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சீட்டு எழுதிவிடுகிறார்கள். அதில் ஐந்து நாள் மருந்துதான் இருக்கும். கூடவே பூச்சி மருந்தும் இரும்புச்சத்து சிரப்பும் வருவது வழக்கம். பூச்சி மருந்து மலச்சிக்கலுக்கான வைத்தியம் இல்லை. இரும்புச்சத்து சிரப் சில குழந்தைகளுக்கு மலத்தை இறுக்கும், நிறத்தையும் கறுப்பாக்கும். ரத்தப் பரிசோதனை செய்துதான் எழுதினார்களா என்று கேட்கலாம். ஐந்து நாளில் நிறுத்தினால் ஆறாம் நாள் பழைய கதை. மருந்து குறைந்தது இரண்டு மாதம் ஓட வேண்டும். தொல்லை முழுக்கத் தீர்ந்து ஒரு மாதம் ஆன பிறகே மெல்லக் குறைக்க வேண்டும். ஆகவே உள்ளே போகும் முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு கெட்டி, இதுவரை என்ன மருந்து என்ன அளவில், ரத்தம் உண்டா இல்லையா. கடைசியில் "தொடர்ந்து குடுக்க அளவு எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள்.

மருந்துக் கடையில்தான் அதிகக் கவனம் தேவை. மலத்தை இளக்கும் தூளான மாக்ரோகோலின், பிரிட்டனில் கிடைக்கும் குழந்தைகளுக்கான பொட்டலம் ஒன்றில் சுமார் 6.6 கிராம் மருந்து இருக்கும், 62.5 மி.லி. தண்ணீரில் கரைப்பது. இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் புரியாது. "பெக் 3350" என்று கேட்க வேண்டும். கைக்கு வருவது பெரும்பாலும் பெரியவர்களுக்கான அளவு. அதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு: கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு) முன் குடலைக் கழுவ 2 லிட்டர் தண்ணீரில் கலக்கும் 137 கிராம் பொட்டலமும் இதே மருந்துதான். பெயரை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. பொட்டலத்தில் எத்தனை கிராம் என்று நீங்களே படியுங்கள்.

தினசரி அளவு கிலோவுக்கு 0.4 கிராமில் தொடங்குவது வழக்கம். 12 கிலோ குழந்தைக்கு 4.8 கிராம். 17 கிராம் பொட்டலம் கிடைத்தால், 240 மி.லி. தண்ணீரில் முழுக்கக் கரைத்து அதில் 70 மி.லி. அளந்து கொடுத்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தாலும் மறுநாளைக்கு மேல் வைக்க வேண்டாம். அளவை டாக்டரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெக் கிடைக்காவிட்டால், மலத்தை இளக்கும் சிரப்பான லாக்டுலோஸ். அதில் டுஃபாலாக் என்ற பெயரில் வருவது பெரும்பாலான கடைகளில் இருக்கிறது. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவான லாக்டுலோஸ் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒன்று முதல் நான்கு வயது வரை வேளைக்கு 2.5 முதல் 10 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை. வேலை செய்யத் தொடங்க இரண்டு நாள் ஆகும். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று அளவை இரட்டிப்பாக்குவதுதான் பலர் செய்வது. மூன்றாம் நாள் வயிறு உப்பி, தண்ணீராகப் போகும். அளக்க வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், சில ரூபாய்தான்.

"எத்தனை நாளா போகலைங்க? இனிமா ஒண்ணு வெச்சிடலாமே" என்று கடையிலேயே சொல்வார்கள். பாஸ்பேட் இனிமா இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி, கால்சியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு வயதுக்கு மேலும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

மலம் நன்றாகத் தேங்கிவிட்ட குழந்தைக்குத் தினசரி அளவு போதாது. அடிவயிற்றில் கட்டி தட்டுப்படும்; ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மலம் கசியும். இதைப் பார்த்து வீட்டில் "வயித்தாலே போகுது" என்று மருந்தை நிறுத்தி ஆரோரூட் கஞ்சி கொடுப்பார்கள். அது வயிற்றுப்போக்கு இல்லை, அடைப்பைச் சுற்றி வழிவது. அப்போது வேண்டியது கூடுதல் மருந்து. பிரிட்டன் முறையில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு அங்குள்ள 6.6 கிராம் குழந்தைப் பொட்டலத்தில் முதல் நாள் இரண்டு, அடுத்த இரண்டு நாளும் தினம் நான்கு, பிறகு இரண்டு நாள் தினம் ஆறு, அதன்பின் தினம் எட்டு என்று, அடைப்பு விலகும் வரை ஏற்றுவார்கள். இது டாக்டர் பார்வையில் நடக்க வேண்டியது. சமயபுரம் போகிற நாளிலோ மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறுகிற இரவிலோ தொடங்கிவிடாதீர்கள். வீட்டிலேயே இருக்கும் ஒரு வாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள்.

சாப்பாட்டில் முதலில் தொட வேண்டியது பால். ஆவின் பச்சைப் பொட்டலத்தில் 4.5 சதவீதமும் ஆரஞ்சில் 6 சதவீதமும் கொழுப்பு, நீலத்தில் 3. நிறத்தைவிட முக்கியம் அளவு. காலையில் ஒரு டம்ளர், பன்னோடு ஒன்று, தூங்கும்போது ஒன்று என்று உறவினர் வீடுகளில் கணக்கு தப்பிவிடும். நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பசி அடங்கி, காயும் பழமும் உள்ளே போகாது. வாழைப்பழம் திருச்சியில் தேடி அலைய வேண்டிய பொருள் இல்லை. ஆனால் காய்வெட்டான பழம் மலத்தை இறுக்கும், தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பாருங்கள். கொய்யாவை விதை நீக்கி மசித்துக் கொடுக்கலாம். பத்து உலர்திராட்சையை இரவில் வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் பிசைந்து வடிகட்டிக் கொடுப்பது நல்ல பழக்கம். முழுதாகக் கொடுத்தால் புரையேறும். தண்ணீர், பால், ரசம், இளநீர் எல்லாம் சேர்த்து நாளைக்கு சுமார் 900 மி.லி. போனால் போதும். வெயில் கடுமையானால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுப்பது நல்லது.

பச்சை நிற வாந்தி, உப்பிக் கெட்டியான வயிறு, காய்ச்சல், எடை இறங்குவது, கால் பலவீனம், பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத வரலாறு: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் டோக்கனுக்குக் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலத்தின் மேல் கோடு போலச் சிவப்பு ரத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் உட்கார வைத்து வாசலின் தடவலாம், மலம் இளகினால் வெடிப்பு ஆறும்.

திரும்பும்போது டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து உங்கள் ஜி.பி.யிடம் (அங்குள்ள குடும்ப டாக்டரிடம்) கொடுங்கள், இங்கே பார்த்த எடையும் மாற்றிய அளவும் அதில் இருக்கும். விமானத்துக்கு இரண்டு நாள் மருந்து கைப்பையில், கம்பெனி அட்டைப் பெட்டியோடு.