தாள் மடிப்பா, சில்லறைக் காசா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஆசிரியர் பயிற்சிக்காக நான் நடத்திய பாடம் பின்னக் கூட்டல். ½ + ¼ எவ்வளவு என்று கேட்டேன். பாதி வகுப்பு 2/6 என்றது. மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டிவிட்டார்கள். கூட்டிய பிறகு அரையைவிடக் குறையுமா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். பதற்றத்தில் தோன்றவில்லை.

பாடம் முடிந்ததும் இரண்டு யோசனைகள் வந்தன. விரிவுரையாளர் தாளை மடிக்க வைக்கச் சொன்னார். வழிகாட்டி ஆசிரியையோ, "சில்லறையைக் கையில கொடுங்க தம்பி, தினமும் கடைக்குப் போற பிள்ளைங்கதானே" என்றார்.

சில்லறைதான் முதலில் என்னை இழுத்தது. நூறு சென் ஒரு வெள்ளி (ரிங்கிட்); 50 சென் அரை வெள்ளி, 20 சென் ஐந்தில் ஒன்று. இரண்டையும் பத்து சென்னாக மாற்றினால் பகுதி எண் (கீழே உள்ள எண்) சமமாகி, ½ + 1/5 = 7/10 என்று அழகாக வரும். ஆனால் கால் வெள்ளிக்கு நம்மிடம் தனி நாணயமே இல்லை. 20 சென்னோடு 5 சென் சேர்க்க வேண்டும். மூன்றில் ஒன்றைக் கேட்கவே வேண்டாம்! அப்புறம், 50 சென் நாணயம் 20 சென்னைவிட இரண்டரை மடங்கு பெரிதாகவும் இல்லை. கண் ஏமாறும்.

தாளில் பாதியை இன்னொரு முறை மடித்தால் ½ = 2/4 கண்ணெதிரே தெரிகிறது. மூன்றாக மடிப்பதுதான் கோணலாகும். சரி, அடுத்த வகுப்புக்குத் தாள். சில்லறையைத் தசமப் பாடத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.